புல் முடிச்சு

சிங்காரப்பேட்டையிலிருந்து கிழக்கே செங்கம் போகிற சாலையில் வடக்குப் பக்கம் ஜவ்வாது மலையும் தெற்குப் பக்கம் வேறு குன்றுகளும் கூடவே வருகின்றன. செங்கம் கணவாய் என்பது இதுதான். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் பட்டாளம் மறுபக்கம் என்று செங்கத்தருகே சண்டை நடந்திருக்கிறது. 1780இல் ஹைதர் கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கியதும் இந்தக் கணவாய் வழியேதான். இப்போது கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் லாரிகள் போகின்றன. சென்ற மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பமும் போயிற்று. என் தாயார், தங்கை, தங்கை கணவர், அவர்களுடைய இரண்டு குழந்தைகள், என் மனைவி, நான். ஐந்து பேருக்கென்று செய்த காரில் ஏழு பேர். செங்கம் தாண்டிப் பரமனந்தல் வழியாக மலையேறி, ஜமுனாமரத்தூர் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவது என்று திட்டம். ஒரு பகற்பொழுதுப் பயணம். இதைப் பற்றி விமர்சனம் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம்.

காரில் எட்டாவதாக ஒன்று இருந்தது. 2016இல் நான் ஜவ்வாது மலையைப் பற்றி எழுதி ஒரு சிறு பத்திரிகையில் வெளியான பயணக் கட்டுரை. தங்கை கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். இலக்கியத்தோடு அவருக்குச் சம்பந்தம் கிடையாது. ஆனால் அச்சில் வந்ததை நம்புகிற மனிதர். மச்சான் இந்த மலையைப் பற்றி எழுதியிருக்கிறார், அதைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம் என்று என் மனைவியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். செங்கத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பியதும் பத்திரிகையைத் தங்கையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். எழுதியவனைப் பின் ஸீட்டில் இருத்திக்கொண்டு அவன் எழுத்தை அவனுடைய தாயாருக்குப் படித்துக் காட்டுவதைவிடக் கடுமையான விமர்சன முறை எதுவும் எனக்குத் தெரியாது.

மூன்று பக்கக் கட்டுரையில் பனி இருந்தது. மௌனம் இருந்தது – பதினோரு இடத்தில் என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். மலையின் மௌனம் என் மௌனத்தோடு கலந்தது, ஆதிமனிதத் தனிமை, பிரக்ஞையின் விளிம்பு என்றெல்லாம் இருந்தன. மேல்பாதியில் ஒரு பிரிவு வந்தது. காரை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை கேட்டார்: "மச்சான், இங்க எந்தப் பக்கம்னு இதுல இல்லீங்களே?"

"அண்ணா, நீ அன்னிக்கு பஸ்ல வந்தியா, நடந்து வந்தியா? அதுகூடத் தெரியலையே" என்றாள் தங்கை.

நான் அன்று ஒரு நண்பரின் ஜீப்பில் வந்தேன். அதை எழுதினால் ஆதிமனிதத் தனிமை கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "தண்ணி எங்க கெடைக்கும்னு எழுதியிருக்கானா பாரு."

சாலையோரத்தில் விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு ஒரு மலையாளிப் பெண் நின்றிருந்தாள் (கேரளத்தவள் அல்ல, இந்த மலையில் வாழ்கிறவர்களுக்கு அதுதான் பெயர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள்). வழி கேட்டோம். உடனே கையை நீட்டிவிடவில்லை. ஜன்னலுக்கு அருகில் வந்து குனிந்து உள்ளே பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மடியில் துவண்டு கிடந்த சின்னவனைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் பேசினாள். "இப்படிப் போனா கிட்டக்கதான். ஆனா வளைவு ஜாஸ்தி, கொழந்த வாந்தியெடுக்கும். பெரியம்மாவுக்கும் ஒத்துக்காது. எடப்பக்கம் போங்க. சுத்துதான். பாதியில கொழாயில தண்ணி வருது, நெழலும் இருக்குது."

இடப்பக்கம் போனோம். குழாயில் தண்ணீர் வந்தது.

வீடு திரும்பிய இரவு மலைபடுகடாமை எடுத்தேன். ஏன் அந்த நூல் ஞாபகம் வந்தது என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. நாங்கள் போய்வந்தது அந்தப் பாட்டின் நாட்டில்தான். பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் என்ற குறுநில மன்னனிடம் போகும்படி, அவனிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிற கூத்தன் ஒருவன், எதிரே வரும் இன்னொரு கூத்தர் குடும்பத்துக்கு வழி சொல்கிறான். 583 அடிகள். பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். செங்கண்மா என்பதுதான் இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாதில் பிறந்து செங்கத்தின் பக்கமாக ஓடும் செய்யாறு. நவிரமலையைப் பலர் பர்வதமலை என்கிறார்கள். ஆக, ஒரு சின்ன மலைநாட்டுக்குள் மூட்டை முடிச்சோடு, பெண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் போகிறது. அதற்கு ஒருவன் வழி சொல்கிறான். நூல் முழுக்க இவ்வளவுதான் நிகழ்ச்சி.

கல்லூரியில் எனக்கு இது பாடமாக இருந்தது. பாடம் என்றால் என்ன பாடம்? தொடக்கத்தில் கூத்தர்கள் சுமந்துவரும் வாத்தியங்களின் பட்டியல் – முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை – இவற்றை வரிசை பிசகாமல் எழுதினால் மதிப்பெண். பழந்தமிழர் இசைக்கருவிகள் என்று ஒரு தலைப்பு, பழந்தமிழர் விருந்தோம்பல் என்று ஒரு தலைப்பு. நம் பேராசிரியர்கள் சங்கப் பாட்டை அணுகுகிற விதமே இதுதான்: பாட்டை அரைத்துச் சாறு எடுத்து, பழம்பெருமை என்ற குப்பியில் அடைத்து மூடிவிடுவது. 1889இல் உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சிட்டுக் கொடுத்து இவ்வளவு காலமாகிறது. இதை ஒரு கவிதையாகப் படித்து, இதில் எது கவிதை, எது சம்பிரதாயம் என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

அந்த வாத்தியப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதுபோல் வாத்தியப் பைகள் தொங்க அவர்கள் வருகிறார்கள் என்கிறான் புலவன். அழகான உவமை என்று தாண்டிப் போய்விடலாம். ஆனால் இருநூறு அடிகளுக்கு மேல் கடந்த பிறகு ஓர் இடம் வருகிறது. குறவர்களே திசை தடுமாறுகிற மலைப்பகுதி. அங்கே வழி தவறினால் என்ன செய்வது? கூத்தன் சொல்கிறான்: மேற்கொண்டு நடக்காதீர்கள், அகலமான பாறையில் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து நில்லுங்கள், உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள், சத்தம் கேட்டுக் கானவர்கள் வந்து உங்களை அழைத்துப் போவார்கள். ஆரம்பத்தில் சுமையாகத் தொங்கிய வாத்தியம் இங்கே உயிர் காக்கும் கருவியாகிவிடுகிறது. கலைஞன் தன் கலையை வைத்து என்ன செய்ய முடியும் என்பது பற்றி நாம் கருத்தரங்குகளில் பேசியிருக்கிறோம். வழி தவறிவிட்டேன், யாராவது வாருங்கள் என்று சொல்ல அதைப் பயன்படுத்தலாம் என்று யாரும் சொன்னதாக நினைவில்லை.

இந்தக் கூத்தன், ஜன்னலில் குனிந்து பார்த்த அந்தப் பெண்ணின் இனத்தைச் சேர்ந்தவன். அவனும் முதலில் போகிறவர்களைத்தான் பார்க்கிறான். கல்லில் நடந்து நடந்து நைந்துபோன விறலியரின் பாதத்தை ஓடிக் களைத்த நாயின் நாக்குக்கு ஒப்பிடுகிறான். பெண் பாதத்துக்குத் தாமரை என்று எழுதியே பழகிய மரபில் இந்த நாய் நாக்கு எங்கிருந்து வந்தது? பார்த்ததனால் வந்தது. அந்தப் பாதம் இனிமேல் நடக்க வேண்டிய வழியை அவன் சொல்லப்போகிறான் என்பதனால் வந்தது. என்னென்ன சொல்லப்போகிறேன் என்று அவன் தொடக்கத்தில் கொடுக்கும் வரிசையைப் பாருங்கள். வழியின் தூரம், தங்குவதற்கு இடம், நாட்டில் கிடைக்கும் சாப்பாடு – இவை முதலில். மலையும் சோலையும் காடும் அப்புறம். என் கட்டுரையில் மலையும் சோலையும் மட்டும் இருந்தன; அவையும் என் மனநிலைக்கு உவமையாக.

எச்சரிக்கைகளுக்கு வந்தால் அவன் இன்னும் ஸ்தூலமாகப் பேசுகிறான். பன்றிக்குப் பொறி வைத்திருக்கிறார்கள், விடிந்த பிறகு போங்கள். குழிகளில் பாம்பு கிடக்கும், பார்த்து விலகுங்கள். புனம் காப்பவன் பரண்மேலிருந்து யானைமேல் கவண்கல் எறிவான், அது உங்கள்மேல் படலாம், மரத்தில் ஒதுங்குங்கள். நீர்த்துறையில் பாசி வழுக்கும், சிறு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு தாண்டுங்கள். இருட்டிவிட்டால் குகையில் வீடுபோல நினைத்துத் தங்குங்கள். சாப்பாடும் அப்படியே: எந்தக் குடியிருப்பில் தினைச்சோறும் இறைச்சியும், எங்கே மூங்கிலரிசியும் அவரையும் சேர்ந்த புளிப்புக் குழம்பு, என்ன சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது உட்பட. வினைமுற்றுக்கள் எல்லாம் முன்னிலைப் பன்மை. நீங்கள் காண்பீர்கள், நீங்கள் பெறுவீர்கள், நீங்கள் கடந்து போங்கள். தன் அனுபவத்தைச் சொல்ல அவனுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது – நடந்தவன் அவன்தான் – ஆனால் அந்த அனுபவத்தை முழுக்க அடுத்தவனுடைய எதிர்காலமாக மாற்றிவிட்டான். இலக்கண விஷயம் போலத் தோன்றினாலும் கவிதையின் அடித்தளமே இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நண்பர்கள் இரண்டு ஆட்சேபணைகளைச் சொன்னார்கள். ஒருவர் சரித்திரம் படிப்பவர். ஆற்றுப்படை என்பதே விளம்பரம்தானே. நன்னனின் கொடையைப் பரப்பக் கூலிக்குப் பாடியதில் என்ன பொறுப்பைக் கண்டீர்கள் என்றார். விளம்பரம்தான், மறுக்கவில்லை. உண்ணுங்கள், கொள்ளுங்கள் என்று கடைசிப் பகுதியில் நன்னனைப் புகழ்கிற இடங்களில் எனக்கும் சலிப்புத் தட்டுகிறது. அங்கே எல்லா ஆற்றுப்படைகளும் ஒரே முகம்தான். ஆனால் தன் ஊருக்கு ஆள் கூப்பிடுகிற விளம்பரம், பாம்பு இருக்கிறது, பொறி இருக்கிறது, பாசி வழுக்கும், எங்கள் ஊர்க்காரர்களுக்கே வழி தெரியாமல் போகும் என்று நூற்றுக்கணக்கான அடிகள் சொல்லுமா? இன்று மலைவாசஸ்தல விளம்பரம் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பரிசிலுக்கு ஒதுக்கிய இடத்தைவிட வழிக்கு ஒதுக்கிய இடம் மிக அதிகம் என்பதே, புலவனின் மனம் எங்கே இருந்தது என்று காட்டிவிடுகிறது.

இன்னொருவர் கவிஞர். அவருடைய ஆட்சேபணை கனமானது. பயண இலக்கியத்தை பஸ் கால அட்டவணையாக்கிவிடப் பார்க்கிறீர்கள் என்றார். ஜப்பானியக் கவிஞர் பாஷோவை உதாரணம் காட்டினார். 1689இல் பாஷோ வடக்கே நடந்துபோன பயணத்தில் உடன் சென்ற சீடர் சோராவின் நாட்குறிப்பு 1943இல் அச்சானபோது, குரு தம் நூலில் பல விவரங்களை மாற்றி எழுதியிருப்பது தெரிய வந்தது. அதனால் அந்த நூல் சிறுத்துவிட்டதா? இல்லை. ஒப்புக்கொள்கிறேன். தேதி தவறினால் கவிதை தவறாது. ஆனால் பாஷோ மாற்றியது பயணம் கவிதையாக வேண்டும் என்பதற்காக. நான் ஜீப்பை மறைத்தது நான் பெரியவனாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. இரண்டையும் கற்பனைச் சுதந்திரம் என்ற ஒரே பெயரால் அழைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தமிழில் நவீன காலத்தில் இந்தக் கூத்தனுக்கு வாரிசு இல்லாமல் போய்விடவில்லை. ஏ. கே. செட்டியார் உலகம் சுற்றியவர், காந்தியைப் பற்றிப் படம் எடுத்தவர். அவர் எழுத்தில் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 1971இல் வந்த 'நடந்தாய் வாழி காவேரி'யில் சிட்டி, தி. ஜானகிராமன் என்ற இருவர் சேர்ந்து எழுதியதாலோ என்னவோ, 'நான்' பருத்துவிடவில்லை; நதி முன்னே போகிறது, இவர்கள் பின்னால் போகிறார்கள். அதற்கப்புறம் வியாபாரப் பத்திரிகைகளில் பயணம் என்பது வெளிநாட்டு ஓட்டலில் இட்லி கிடைக்காத துக்கமாக ஆயிற்று. அதை எதிர்த்துக் கிளம்பிய நாம் – சிறு பத்திரிகைக்காரர்கள் – இட்லியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆன்மாவை வைத்தோம். முன்னதில் எழுத்தாளரின் வயிறு, பின்னதில் எழுத்தாளரின் பிரக்ஞை; வழியில் இருந்த ஊரும் மனிதர்களும் இரண்டிலுமே காணாமல் போனார்கள். இதில் என் பங்கை மூன்று பக்கத்துக்கு அச்சிலேயே காட்ட முடியும்.

மௌனம் என்ற சொல்லுக்கு வருகிறேன். மலைபடுகடாம் என்ற தலைப்பே மலையின் சத்தத்தைப் பற்றியது. மலையை யானையாகக் கொண்டு, அதில் பிறக்கும் ஓசைகளை யானையின் மதநீர் என்று உருவகித்த பெயர். மலையில் என்னென்ன கேட்கும் என்று கூத்தன் நீளமாகச் சொல்லிக்கொண்டு போகிறான். அருவியில் ஆடும் பெண்கள், யானைகள், தினை குற்றும் பாட்டு, பன்றி விரட்டும் பறை, கரும்பாலையின் இரைச்சல். நடுவே ஒன்று: புலி பாய்ந்த புண்ணோடு கிடக்கும் கணவனின் வலி ஆறக் குறத்தி பாடும் பாட்டு. இவன் காதில் அதுவும் விழுந்திருக்கிறது. இயற்கை வருணனைக்கு நடுவில் ஒரு மனிதன் வலியில் கிடக்கிறான். வருணனை அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடவில்லை.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திர அதிரடிப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள், ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். சாமையும் தினையும் போட்ட பாறை நிலத்தில் வருஷம் முழுக்கப் பிழைக்க முடியாமல் கூலிக்கு இறங்கிப் போனவர்கள். நான் இந்த மலைக்கு ஜீப்பில் வந்து, இதன் மௌனத்தைப் பற்றி எழுதியது அதற்கு அடுத்த வருஷம். செய்தி எனக்குத் தெரியாதது அல்ல. அதற்காக ஒரு கண்டனக் கூட்டத்தில் கலந்துகொண்டு பேசியும் இருக்கிறேன். கூட்டத்தில் பேசுகிறவன் வேறு, பயணக் கட்டுரை எழுதுகிறவன் வேறு என்று எனக்குள் ஏதோ ஒரு ஏற்பாடு இருந்திருக்கிறது. இந்த ஏற்பாடு என் ஒருவனிடம் மட்டும்தான் இருந்தது என்றும் தோன்றவில்லை.

மலைபடுகடாமில் இப்படிச் செத்தவர்களுக்கும் வழியில் இடம் இருக்கிறது. பாதை பிரிகிற இடங்களில், போரில் புறங்கொடுக்க நாணி உயிர் விட்ட மறவர்களின் பெயர் பொறித்த கற்கள் நிற்கும். அவற்றை வணங்கி, யாழ் வாசித்துவிட்டுப் போங்கள் என்கிறான் கூத்தன். இது வெறும் கவிமரபு என்று சொல்ல முடியாதபடி அந்த வட்டாரத்து மண்ணே சாட்சி சொல்லியிருக்கிறது. பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்கள் செங்கம் பகுதியில் நிறையக் கிடைத்து, இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருந்து தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று தொகுத்து வெளியிட்டது. மாடு மீட்கப் போய்ச் செத்தவர்கள், ஊர் காக்கச் செத்தவர்கள். எடுத்தனூர்க் கல்லில் இறந்த வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. கோவிவன் என்று அதற்குப் பெயர். இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாயின் பெயரைக்கூட விட்டுவிடாத ஊர்க்காரர்கள்.

நூலில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது நடுகல்லைத் தாண்டி வரும் ஒரு சிறு இடத்தில்தான். கூத்தன் சொல்கிறான்: பாதை கிளைக்கிற சந்தில், நீங்கள் போகும் பாதையைத் துடைத்துச் சரிசெய்து, புல்லை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டுப் போங்கள், உங்களுக்குப் பின்னால் இந்த இடம் தெரியாத புதியவர்கள் வருவார்கள். அவனுக்கு முன்னே நிற்பது ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்குப் பின்னால் வரப்போகிற, அவன் ஒருநாளும் பார்க்கப்போகாத இன்னொரு குடும்பத்தை அவன் பார்த்துவிட்டான். எழுத்து என்ற ஒன்று எதற்காகத் தோன்றியிருக்க வேண்டும் என்பதைப் பற்றி எத்தனையோ சித்தாந்தங்களைப் படித்திருக்கிறேன். இரண்டு கைப்பிடிப் புல் அளவுக்கு எதுவும் எனக்கு விளங்கியதில்லை. அந்த முடிச்சில் போட்டவன் பெயர் இருக்காது. நடுகல்லில் செத்தவனுக்குப் பெயர் உண்டு, நாய்க்கும் உண்டு. புல் முடிந்தவனுக்கு இல்லை. நம்முடைய பத்திரிகைகளிலோ பெயர்தான் முதலில் அச்சாகிறது, கொட்டை எழுத்தில்.

அந்தப் பழைய கட்டுரையைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். மௌனத்தைப் பதினோரு இடத்திலும் எடுத்தாயிற்று. எடுத்ததில் மூன்று பக்கம் ஒன்றரைப் பக்கமாகிவிட்டது. ஜீப்பைச் சேர்த்தேன். 2015ஐச் சேர்த்தேன். பாதியில் வரும் பிரிவில் வயதானவர்களும் குழந்தைகளும் இருந்தால் இடப்பக்கம் போவது நல்லது, வலப்பக்கம் கிட்டம்தான் ஆனால் வளைவு ஜாஸ்தி என்று அந்தப் பெண் சொன்னதை அவள் சொன்னபடியே சேர்த்தேன். குழாயைப் பற்றி எழுதிவிட்டாயா என்று அம்மா நேற்றுக் கேட்டாள். மாசி மாதம் தண்ணீர் வந்தது என்று மாதத்தோடு எழுதியிருக்கிறேன்.